ஆயிரத்து இருநூறு என்ற எண்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் புதிதாக எழும்பும் வீடுகளில் மின்சிம்னி இப்போது மாடுலர் கிச்சனோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. மாட்டிய சில மாதங்களில் புகாரும் வருகிறது. மிளகாய் தாளித்த நெடி வெளியே போகாமல் கூடத்துக்கு வருகிறது. சிம்னியை அணைத்த பிறகு குழாய் வழியே காற்றும் தூசியும் இறங்குகின்றன. மழை சாய்ந்து அடித்தால் அடுப்பின் மேல் சொட்டு விழுகிறது. பக்கத்து வீட்டில் மீன் வறுத்தால் இங்கே மணக்கிறது.

இந்தப் புகாருக்கு விற்பவர், மாட்ட வருபவர், ஏற்கெனவே வாங்கிவிட்ட உறவினர் எல்லாரிடமும் ஒரே பதில்தான் இருக்கிறது: "சக்சன் பத்தல. ஆயிரத்து இருநூறு போடுங்க." இருப்பதே 1200 என்றால் 1400, அதுவும் இருந்தால் 1500. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை உயர்த்திக்கொண்டே போனால் புகை ஒருநாள் தோற்றுவிடும் என்ற நம்பிக்கை இது. கூடவே இன்னொரு அறிவுரையும் வரும்: "ஜன்னலச் சாத்திட்டுப் போடுங்க, அப்பதான் நல்லா இழுக்கும்."

இரண்டுமே தவறு. வீடு சிறிதாகவும் இறுக்கமாகவும் இருந்தால், இந்த இரண்டு அறிவுரைகளும் சேர்ந்து புகையை முன்பைவிட அதிகமாகத் திருப்பிவிடும்.

எண்ணிலிருந்தே தொடங்கலாம். 1200 என்பது ஒரு மணி நேரத்துக்கு 1200 கன மீட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 கன மீட்டர். பத்துக்கு எட்டு அடியில், பத்தடி உயரத்தில் ஒரு சமையலறை இருந்தால் அதன் மொத்தக் கொள்ளளவு 800 கன அடி. ஏறத்தாழ 23 கன மீட்டர். அதாவது அந்த இயந்திரம் தன் எண்ணுக்கு உண்மையாக ஓடினால், ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் அந்த அறையின் காற்று முழுவதையும் வெளியே தள்ளிவிட வேண்டும். அடுத்த நிமிடம் தள்ளுவதற்குக் காற்று எங்கிருந்து வரும்? ஜன்னலைச் சாத்தியாயிற்று. கூடத்துக் கதவும் சாத்தியிருக்கிறது, நெடி பரவக் கூடாதே என்று. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் திக்கித் திக்கித்தான் வரும், எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டால்தான் ஒழுங்காக ஊற்றும் என்பது மளிகைக் கடையில் நின்ற எவருக்கும் தெரியும். சமையலறைக்கும் அந்த இரண்டாவது துளை வேண்டும். அது இல்லாத அறையில் விசிறி சுற்றும், சத்தம் போடும், மின்சாரம் செலவாகும். காற்று மட்டும் நகராது.

நகராமல் இருந்துவிட்டாலாவது சரி. உள்ளே காற்றழுத்தம் குறையக் குறைய, வெளிக்காற்று கிடைத்த சந்தில் எல்லாம் நுழையப் பார்க்கும். குளியலறை எக்ஸாஸ்ட் துளை வழியாக வரும். நீர் வற்றிப்போன தரை வடிகாலின் வழியாகச் சாக்கடை வாடையோடு வரும். பின்கட்டில் தண்ணீர் காய வைக்கும் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தால், அந்தப் புகையோடு பின்வாசல் இடுக்கு வழியாக வரும். சிம்னி போட்ட பிறகுதான் வீட்டில் வாடை அதிகமாயிற்று என்று சொல்லும் குடும்பங்கள் பொய் சொல்லவில்லை.

அடுத்தது குழாய். ஆறு அங்குலக் குழாயின் குறுக்குப் பரப்பைக் கொண்டு கணக்கிட்டால், நிமிடத்துக்கு 20 கன மீட்டர் அதன் வழியே போக வேண்டுமென்றால் காற்று மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் பாய வேண்டும். பல வீடுகளில் சுவரில் ஏற்கெனவே இருக்கும் நான்கு அங்குலத் துளைக்கு ஏற்றபடி குழாயைச் சுருக்கி விடுகிறார்கள். அந்தக் குழாயில் அதே காற்று போக மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் வேகம் தேவை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது வீசிய காற்றே மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர், இடையிடையே 90. வீட்டுச் சிம்னியின் மோட்டார் அந்தப் புயலை மிஞ்சிய புயலை ஒரு குழாய்க்குள் உருவாக்கப் போவதில்லை. பெட்டியில் உள்ள எண் பொதுவாகக் குழாயின் தடை எதுவும் இல்லாதபோது கிடைக்கும் உச்ச அளவு. மடிப்பு மடிப்பான அலுமினியக் குழாயைப் பரண் மேல் ஒன்பது, பத்து அடி இழுத்து, மூன்று இடத்தில் வளைத்து, கடைசியில் நான்கு அங்குலத்தில் முடித்தால், அந்த எண்ணில் பாதி கிடைப்பதே அரிது. குழாயின் விட்டம் ஆறிலிருந்து நான்கானால், அதே அளவு காற்றுக்கு உராய்வுத் தடை ஏழு மடங்குக்கு மேல் ஏறும். மோட்டாரை மாற்றுவதற்கு முன் துளையை அகலப்படுத்துவதுதான் முறை. யாரும் அதைச் சொல்வதில்லை. சுவரை உடைக்க வேண்டும், கொத்தனார் வர வேண்டும், புதிதாக விற்க அதில் எதுவும் இல்லை.

விழுப்புரம் மாவட்டத்துக்கென்றே ஒரு காரணமும் இருக்கிறது. மனையடி சாஸ்திரப்படி சமையலறை தென்கிழக்கு மூலையில், அக்னி மூலையில். சமைப்பவர் கிழக்கு பார்த்து நிற்க வேண்டும். ஆகவே அடுப்பு மேடை கிழக்குச் சுவரோடு ஒட்டியிருக்கும், சிம்னியும் அங்கேயே மாட்டப்படும். மாட்ட வருபவர் மிகக் குறுக்கான வழியைத் தேர்ந்தெடுத்து, நேராகக் கிழக்குச் சுவரிலேயே துளை போட்டுவிடுவார். குழாய் நீளம் குறைவு, வளைவு ஒன்றே ஒன்று. காகிதத்தில் பார்த்தால் சிறந்த வேலை. ஆனால் கடல் எந்தப் பக்கம்? மரக்காணம் கடற்கரை திண்டிவனத்துக்குக் கிழக்கே முப்பது, நாற்பது கிலோமீட்டர்தான். கோடையில் பகல் ஏறியதும் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று. இரண்டுமே அந்தக் கிழக்குச் சுவரில் மோதுகின்றன. வருடத்தில் பல மாதங்கள் காற்று மோதும் சுவரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துத் துளை போட்டுவிட்டு, புகை திரும்புகிறது என்று இயந்திரத்தைக் குறை சொல்கிறோம்.

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு காற்று அந்தச் சுவரில் மோதினால் அது கொடுக்கும் அழுத்தம் ஏறத்தாழ 60 பாஸ்கல். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகி 240 பாஸ்கலைத் தொடும். வீட்டுச் சிம்னியின் விசிறி, குழாயின் தடையையும் தாண்டி, இதையும் எதிர்த்து ஊத வேண்டும். விசிறி ஓடும்போதே திணறும். அணைந்திருக்கும்போது எதிர்ப்பே இல்லை. குழாய் வீட்டுக்குள் திறந்த வாசலாகிவிடுகிறது. ஃபெஞ்சலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி அடித்த மழைக்கு எதிரே கிழக்குச் சுவரில் மூடியில்லாத ஆறு அங்குலத் துளை இருந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

வாஸ்துவை யாரும் விட வேண்டியதில்லை. அடுப்பு கிழக்குச் சுவரிலேயே இருக்கட்டும். குழாய் மட்டும் தெற்குச் சுவர் வழியாக வெளியேறலாம். வடகிழக்குக் காற்றுக்கு அது மறைவான பக்கம். அதைவிட நல்லது, தனி வீடாக இருந்தால், குழாயை மொட்டை மாடிக்கு மேலே கைப்பிடிச் சுவரையும் தாண்டி ஏற்றி, மழை மூடி போட்டு விடுவது. மேலே எழுந்து நிற்கும் குழாய் முனையைக் கடந்து ஓடும் காற்று, எந்தத் திசையிலிருந்து வந்தாலும், புகையை உறிஞ்சி எடுக்கவே உதவும். பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலே கூரையைத் துளைத்துக்கொண்டு, நான்கு பக்கமும் திறப்போடு நின்ற செங்கல் புகைக்கூண்டு இந்த வேலையை மின்சாரம் இல்லாமலே செய்தது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்னப் பொருள் இருக்கிறது. சிம்னியிலிருந்து குழாய் தொடங்கும் இடத்தில் இரண்டு இலைகளாகத் திறந்து மூடும் பிளாஸ்டிக் தடுப்பு. ஃப்ளாப் என்கிறார்கள், சிலர் நான்-ரிட்டர்ன் வால்வு என்கிறார்கள். விசிறி ஓடினால் திறக்கும், நின்றால் விழுந்து மூடும். வெளிக்காற்று உள்ளே வராமல் தடுப்பது அதுதான். பெட்டியோடு வரும் இந்தப் பொருளைச் சிலர் மாட்டாமலே விட்டுவிடுகிறார்கள். சிலர் திசை மாற்றி மாட்டுகிறார்கள், அப்போது புகை போகும் வழியே அடைபடும். காற்றில் படபடவென்று அடிக்கிறது என்று வீட்டுக்காரரே கழற்றச் சொல்வதும் உண்டு. ஒழுங்காக மாட்டிய வீட்டிலும் ஓரிரு ஆண்டில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி இலைகள் ஒட்டிக்கொள்கின்றன. பாதி திறந்த நிலையில் ஒட்டினால் போகும் புகைக்கும் தடை, வரும் காற்றுக்கும் வழி. ஆட்டோ கிளீன் என்று விற்கப்படும் சிம்னி விசிறியைத்தான் சூடாக்கிப் பிசுக்கை இறக்குகிறது. குழாயையும் ஃப்ளாப்பையும் அது தொடுவதில்லை. ஆட்டோ கிளீன் இருக்கிறதே என்று நம்பி ஐந்து வருடம் திறந்தே பார்க்காத குழாய்கள்தான் பெரும்பாலும் புகையைத் திருப்புகின்றன.

இந்த இடத்தில் ஒடிசாவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கிராம் விகாஸ் என்ற தொண்டு நிறுவனம் அங்கே கிராமங்களில் புகைபோக்கி வைத்த மேம்பட்ட மண் அடுப்புகளைக் கட்டிக்கொடுத்தது. பொருளியல் அறிஞர்கள் ரெமா ஹன்னா, எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் அந்தக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் ஆண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதன் பிறகு அந்தப் பலன் மறைந்துபோனது. அடுப்பைப் பழுது பார்க்கவும் குழாயைச் சுத்தம் செய்யவும் குடும்பங்கள் போதிய கவனம் செலுத்தவில்லை, பயன்பாடும் குறைந்துபோனது. மண் அடுப்பில் நடந்ததே இருபதாயிரம் ரூபாய்ச் சிம்னியிலும் நடக்கிறது. 1983 வாக்கில் தொடங்கி 2002 வரை நடந்த மத்திய அரசின் மேம்பட்ட அடுப்புத் திட்டத்திலும் இதுதான் கதை: பொருளைக் கொடுத்த எண்ணிக்கை பதிவாயிற்று, கொடுத்த பிறகு புகை எந்தப் பக்கம் போனது என்று பார்க்க ஆள் இல்லை.

எதிர்ப்பக்கத்து வாதத்தில் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. ஜன்னலைத் திறந்தால் அடுப்புத் தீ அலைகிறது, புகை சிம்னிக்குள் போகாமல் பக்கவாட்டில் கலைகிறது என்கிறார்கள். அது உண்மை. அடுப்பை ஒட்டிய ஜன்னலைத் திறந்தால் அப்படித்தான் ஆகும். கூடத்து மின்விசிறியை வேகமாக வைத்தாலும் ஆகும். அதற்காக அறையையே அடைத்துவிடுவது மருந்தல்ல. அடுப்புக்குத் தூரமான திறப்பு ஒன்று வேண்டும்: எதிர்ப்பக்கத்து ஜன்னலில் நான்கு விரல் சந்து, பின்வாசல் கதவு, அல்லது கூடத்தில் ஒரு ஜன்னல். காற்று மெல்ல அறையைக் கடந்து வந்து, அடுப்பின் மேல் எழும் சூட்டோடு சேர்ந்து மேலே போகும். முன்பு ஓட்டு வீடுகளில் இதை யாரும் யோசிக்கவே தேவை இருக்கவில்லை. ஓட்டு இடுக்கும் முற்றமும் வெண்டிலேட்டரும் தாமாகவே காற்றைக் கொடுத்தன. இன்று ஜி.எஸ்.டி. சாலைத் தூசிக்கும் கொசுவுக்கும் பயந்து யூபிவிசி ஜன்னல்களால் வீட்டை இறுக்கி அடைத்துவிட்டோம். அடைத்ததில் குற்றமில்லை, ஆனால் அடைத்த வீட்டுக்குள் ராட்சத விசிறியை வைத்தவர்கள் அதற்குக் காற்று வரும் வழியையும் வைத்திருக்க வேண்டும்.

மற்ற நாடுகள் இதைக் குடும்பத்தின் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை. அமெரிக்காவின் பல பகுதிகள் பின்பற்றும் வீட்டுக் கட்டட விதிகளில், நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேல் இழுக்கும் அடுப்பு விசிறிக்கு, அதே அளவு காற்று வீட்டுக்குள் வர வழி அமைக்க வேண்டும் என்ற விதி வந்தது. வீட்டுக்குள் எரியும் வெந்நீர்க் கலன்களின் புகை பின்னோக்கி இழுக்கப்பட்டு, கார்பன் மோனாக்சைடு வீட்டை நிறைக்கும் ஆபத்துதான் காரணம். 400 கன அடி என்பது மணிக்கு 680 கன மீட்டர். நம் ஊர்ப் பெட்டிகளில் பெருமையாக அச்சிடப்படும் 1200 அதைப்போல ஒன்றே முக்கால் மடங்கு. ஜெர்மனியில் அறைக்காற்றை எடுத்து எரியும் அடுப்பும் சமையலறை விசிறியும் ஒரே வீட்டில் இருந்தால், விசிறியால் ஏற்படும் அழுத்தக் குறைவு 4 பாஸ்கலைத் தாண்டக் கூடாது. ஜன்னலைத் திறந்தால் மட்டுமே விசிறி ஓடும்படி ஒரு மின்சுவிட்சை ஜன்னல் சட்டத்திலேயே பொருத்துவது அங்கே சாதாரணம். நம்மிடம் "ஜன்னலச் சாத்துங்க" என்பது அறிவுரை. அங்கே சாத்தியிருந்தால் இயந்திரமே ஓடாது.

"அங்கெல்லாம் குளிர் நாடு, வீட்டுக்குள் கணப்பு எரியும், நமக்கு ஏன்?" என்று கேட்கலாம். நம் அடுப்புக்குத் தனிப் புகைக்குழாய் கிடையாது என்பதால் அந்த ஆபத்து அதே வடிவில் இல்லை. ஆனால் குளியலறையில் கேஸ் கீசர் மாட்டும் வழக்கம் பரவிவிட்டது. காற்றோட்டமில்லாத குளியலறையில் அதனால் உயிர் போன செய்திகள் நாட்டின் பல நகரங்களிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. புயல் முடிந்து பல நாள் மின்சாரம் இல்லாத வீடுகளில் ஜெனரேட்டர் பக்கச் சந்தில் ஓடுகிறது. அந்தச் சந்தைப் பார்த்த துளைகள் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும் எந்த விசிறியும் விஷத்தை இழுக்கும். இதில் குளிர் நாடு, வெயில் நாடு என்ற வேறுபாடு இல்லை.

இன்னும் சிலர் வேறு மாதிரி சமாதானம் சொல்வார்கள்: கேஸ் அடுப்பு வந்தாயிற்று, விறகுப் புகை போயிற்று, மிச்சம் கொஞ்சம் நெடிதானே? இந்த மாவட்டமே அதற்குப் பதில் வைத்திருக்கிறது. ஹாப்பின் என்ற பன்னாட்டு ஆய்வு குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து நடந்தது. இந்தியப் பகுதியைச் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனம் நடத்தியது. களங்கள் நாகப்பட்டினமும், அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சியும். பாதிப் பெண்களுக்கு இலவசமாக எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் தரப்பட்டன. அவர்கள் சுவாசித்த நுண்துகளின் இடைநிலை அளவு கன மீட்டருக்கு 24 மைக்ரோகிராம். விறகிலேயே தொடர்ந்தவர்களுக்கு 70-க்கு மேல். பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் 2022-இல் வெளியான முடிவில் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த ஆண்டு வரம்பு 5 மைக்ரோகிராம்தான். அடுப்பை மாற்றியதோடு காற்றின் கணக்கு முடிந்துவிடவில்லை. உயர் வெப்பத்தில் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் புகையைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2010-லேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் 2ஏ பிரிவில் வைத்துவிட்டது. வடையும் அப்பளமும் மீனும் தினம் பொரியும் வீட்டில் அந்தப் புகை அடுப்பின் முன் நிற்பவரின் மூக்குக்குத் திரும்புகிறது. பெரும்பாலும் அவர் பெண். அதை நெடி என்று சுருக்குவது அவருடைய நுரையீரலை அலட்சியப்படுத்துவது.

பெரிய எண்ணே தீர்வு என்பதற்கு நேரடி மறுப்பும் அளக்கப்பட்டிருக்கிறது. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தார் வீடுகளில் ஏற்கெனவே மாட்டப்பட்டிருந்த அடுப்பு விசிறிகளைச் சோதித்தார்கள். எழும் புகையில் எவ்வளவைப் பிடிக்கின்றன என்று பார்த்தபோது, 15 விழுக்காட்டுக்கும் கீழே ஒன்று, 98-க்கு மேல் ஒன்று என்று ஏணி வைத்தாலும் எட்டாத வேறுபாடு. காற்றின் அளவு ஒரு காரணம்தான். முன்வரிசை பர்னரைவிடப் பின்வரிசை பர்னரின் புகை நன்றாகப் பிடிபட்டது; மேல்கூடு அடுப்பை எவ்வளவு மூடி நிற்கிறது என்பதும் முடிவை மாற்றியது. பொரிக்கும் வாணலியைப் பின் பர்னருக்கு நகர்த்த ஒரு பைசா செலவில்லை.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு சமையலறைக்கு ஒரு சதுர மீட்டருக்குக் குறையாத ஜன்னல் கேட்கிறது. அது திறந்தவெளியைப் பார்த்திருக்க வேண்டும், ஷாஃப்டைப் பார்க்கக் கூடாது. அடுக்குமாடிகளில் இந்த ஜன்னலைத்தான் சலவை இயந்திரத்துக்கும் தண்ணீர் சுத்திகரிப்பானுக்கும் பலி கொடுக்கிறார்கள். சிம்னிக் குழாயையும் குறுகலான பொது ஷாஃப்டுக்குள் திருப்பிவிடுகிறார்கள். கீழ்வீட்டுப் புகை ஷாஃப்டில் ஏறி, மேல்வீட்டு ஒட்டிப்போன ஃப்ளாப் வழியாக இறங்குகிறது. இதற்கு மேல்வீட்டுக்காரர் 1500 வாங்கி மாட்டினால், அவர் சமைக்கும் நேரத்தில் கீழ்வீட்டுக்குப் புகை போகும். ஒருவர் மோட்டாரை உயர்த்த மற்றவரும் உயர்த்த வேண்டிய போட்டியில் லாபம் விற்பவருக்கு மட்டும்.

குழாயே வேண்டாம், கரி பில்டர் போட்ட டக்ட்லெஸ் வாங்குங்கள் என்ற யோசனையும் இந்தச் சிக்கலில் விற்கப்படுகிறது. அதில் காற்று திரும்பும் பிரச்சினை இல்லை என்பது சரி, ஏனென்றால் காற்று வெளியே போவதே இல்லை. எண்ணெயில் கொஞ்சமும் வாடையில் கொஞ்சமும் பிடிபடும். சூடும் ஈரமும் கார்பன் மோனாக்சைடும் அறையிலேயே சுற்றும்.

எனவே புகை திரும்பும் வீட்டில் முதலில் செய்ய வேண்டியது சோதனை. காற்றடிக்கும் ஒரு மாலையில் சிம்னியை அணைத்துவிட்டு, அதன் வாயருகே ஒரு ஊதுபத்தியைப் பிடிக்க வேண்டும். புகை கீழ்நோக்கித் தள்ளப்பட்டால் ஃப்ளாப் இல்லை, அல்லது மூடவில்லை. பிறகு கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி, சிம்னியை முழு வேகத்தில் ஓடவிட்டு, அதே ஊதுபத்தியைக் கூடத்துக் கதவின் கீழிடுக்கில் பிடிக்க வேண்டும். புகை சீறிக்கொண்டு உள்ளே இழுபட்டால் அறை காற்றுக்கு ஏங்குகிறது. எதிர்ப்பக்க ஜன்னலை நான்கு விரல் திறந்ததும் சிம்னியின் சத்தம் மாறி, அடுப்புப் புகை நேராக ஏறினால் நோய் எது என்று தெரிந்துவிட்டது. இரண்டு சோதனையும் சரியாக இருந்து, அப்போதும் புகை திரும்பினால் மட்டும் மோட்டாரைப் பற்றிப் பேசலாம்.

ஃப்ளாப் புதிதாக வாங்கினாலும் சில நூறு ரூபாய்தான். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு அதுவும் செலவில்லை: தளம் போடுவதற்கு முன்பே பொறியாளரிடம் ஆறு அங்குலக் குழாய் மொட்டை மாடிக்கு ஏறும் வழியை வரைபடத்தில் குறிக்கச் சொல்ல வேண்டும், குழாய் நான்கு அங்குலமாகச் சுருங்காது என்பதை எழுதி வாங்க வேண்டும், பரணை அடைக்கும் தச்சரிடம் ஃப்ளாப்பைக் கழற்றிக் கழுவக் கை நுழையும் அளவுக்கு ஒரு கதவு விடச் சொல்ல வேண்டும்.